முதலில் மட்டை பிடிப்பது யார்? பேஸ்பால் சராசரியும் அதற்குப் போட்டியான எண்களும்

மூன்று பையன்கள் இருக்கிறார்கள். பேட்டிங் வரிசையில் முதல் இடம் ஒன்றுதான். பள்ளிகளுக்கு இடையிலான பேஸ்பால் போட்டிக்கு அணியை எழுதிக் கொடுக்கும் நாளில் எங்கள் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்கள் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவன். அதனால் கேள்வி கடைசியில் என்னிடம் வந்து நிற்கும்: “அண்ணாச்சி, இவர்களில் யாருக்குச் சராசரி அதிகம்?” சொல்லிவிடலாம், அரை நிமிட வேலை. ஆனால் முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த எண் போதாது என்பது என் கட்சி.

கணக்கிற்காக மூன்று பேரை வைத்துக்கொள்வோம். மூவரும் கற்பனைதான், ஆனால் இந்த மூன்று வகையும் இல்லாத அணியை நான் பார்த்ததில்லை. முதலாமவன் இடதுகைக்காரன், ஒல்லி, ஓட்டத்தில் கெட்டிக்காரன். எதை வீசினாலும் மட்டையை நீட்டிவிடுவான். இரண்டாமவன் பொறுமைசாலி. பந்து தனக்குத் தோதான இடத்தில் வராவிட்டால் தோளிலிருந்து மட்டையை இறக்கவே மாட்டான். மூன்றாமவன் முரட்டு அடிக்காரன். பட்டால் பந்து மைதானத்துச் சுவருக்கு வெளியே. படாவிட்டால் வெறும் காற்று.

மூவரும் ஒரு சீசனில் தலா 40 முறை மட்டை பிடித்திருக்கிறார்கள். இடதுகைக்காரனுக்கு 12 ஹிட், அதாவது தன் அடியால் அவுட்டாகாமல் பேஸை (ஓடித் தொட வேண்டிய மூலையை) பிடித்த தடவைகள். அதில் ஒன்று இரண்டாம் பேஸ் வரை ஓடிய டபுள், மற்றதெல்லாம் முதல் பேஸோடு நின்ற சிங்கிள். ஒரு வாக் (பந்து வீசும் பிட்சர் நான்கு கெட்ட பந்து போட்டதால் முதல் பேஸுக்கு நடந்து போவது), ஒரு சாக்ரிஃபைஸ் பண்ட் (தான் அவுட்டானாலும் பேஸில் நிற்பவனை முன்னேற்ற, பந்தை மெல்லத் தட்டிவிடுவது). பொறுமைசாலிக்கு 8 ஹிட், அதில் இரண்டு டபுள். எட்டு முறை வாக் வாங்கியிருக்கிறான். இரண்டு முறை உடம்பில் பந்து பட்டு முதல் பேஸுக்குப் போயிருக்கிறான். அடிக்காரனுக்கு 9 ஹிட்: மூன்று சிங்கிள், மூன்று டபுள், ஒரு டிரிப்பிள், இரண்டு ஹோம் ரன். கூடவே மூன்று வாக், ஒரு சாக்ரிஃபைஸ் ஃப்ளை (உயரே அடித்துப் பிடிபட்டாலும் பேஸில் நிற்பவன் ஓடி ரன் எடுத்துவிடுவது).

இனி சராசரி. இங்கேதான் கிரிக்கெட்டில் ஊறிய நம் ஆட்களுக்குக் கால் இடறும். சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். பார்த்து வளர்ந்த பையனிடம் சராசரி என்றால், எடுத்த ரன்னை அவுட்டான தடவைகளால் வகுப்பான். பிராட்மனின் 99.94 அப்படி வந்ததுதான்: 6996 ரன், 70 முறை அவுட். நாட் அவுட்டாக நின்றுவிட்டால் வகுக்கும் எண் ஏறாது. 1999 உலகக் கோப்பையில் லான்ஸ் குளூஸ்னர் 281 ரன் எடுத்து இரண்டே முறை அவுட்டானார், சராசரி 140.5 என்று வந்து நின்றது.

பேஸ்பால் சராசரியில் ரன்னுக்கு வேலையே இல்லை. எத்தனை ஹிட் என்பதை எத்தனை ‘அட் பேட்’ என்பதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மட்டை பிடித்த எல்லா முறையும் அட் பேட் ஆகிவிடாது. வாக், உடம்பில் பட்ட பந்து, சாக்ரிஃபைஸ் பண்ட், சாக்ரிஃபைஸ் ஃப்ளை, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் குறுக்கிட்டதால் கிடைத்த பேஸ் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதே அட் பேட். விடையை மூன்று தசம இடம் வரை எழுதி, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். .300 என்றால் முந்நூறு. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் அது நல்ல பேட்டருக்கு அடையாளம்.

நம் மூவருக்கும் போட்டுப் பார்ப்போம். இடதுகைக்காரனுக்கு 38 அட் பேட்டில் 12 ஹிட், .316. பொறுமைசாலிக்கு 30-இல் 8, .267. அடிக்காரனுக்கு 36-இல் 9, .250. சராசரியை மட்டும் பார்த்தால் விவாதமே இல்லை, இடதுகைக்காரன் முதலில் இறங்க வேண்டும். பெரும்பாலான அணிகளில் அப்படித்தான் இறங்கவும் செய்கிறான்.

சராசரிக்கு இருக்கும் மவுசு சாதாரணமானதல்ல. 1941 செப்டம்பர் 28 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முன்னால் இருந்த நிலையைப் பாருங்கள். 448 அட் பேட், 179 ஹிட், வகுத்தால்.39955. மூன்று இடத்துக்குச் சுருக்கினால் .400. உட்கார்ந்துவிட்டால் நானூறு அவர் பெயரில் எழுதப்பட்டுவிடும். அவர் இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டு அட் பேட்டில் ஆறு ஹிட் அடித்து .406-இல் சீசனை முடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் முழு சீசன் ஆடிய யாரும் நானூறைத் தொடவில்லை. நெருங்கி வந்தவர் சான் டியேகோவின் டோனி குவின், 1994-இல்.394. அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியில் நின்றுபோனது.

அதே 1941-இல் வில்லியம்ஸ் 147 வாக் வாங்கினார். மட்டை பிடித்த முறைகளில் பாதிக்கும் மேல், கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை, அவுட்டாகாமல் பேஸுக்குப் போயிருக்கிறார். இந்த இரண்டாவது செய்தியை யாரும் பாட்டாகப் பாடுவதில்லை. என்னைக் கேட்டால் பெரிய சாதனை அதுதான்.

சராசரியில் எனக்கு இருக்கும் முதல் குறை ஸ்கோரர் என்ற முறையில். ஹிட் எது, ஃபீல்டரின் தவறான எரர் எது என்று தீர்மானிப்பது என் பென்சில். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட் ஸ்டாப்பை நோக்கிப் பந்து உருண்டு போகிறது. அங்கே ஒரு சரளைக்கல். பந்து கல்லில் பட்டு எகிறி, பையனின் தோளைத் தாண்டிப் போய்விடுகிறது. இதற்குள் நம் இடதுகைக்காரன் முதல் பேஸை மிதித்துவிட்டான். விதியைப் பார்த்தால் குழப்பமில்லை: பந்து இயல்புக்கு மாறாக எகிறி, சாதாரண முயற்சியால் பிடிக்க முடியாமல் போனால் அது ஹிட். ஆனால் அடுத்த பந்து கல்லில் படாமல் நேராகக் கையுறைக்குள் போய், நழுவி, கீழே விழுந்தால் அது எரர். பேட்டர் பேஸில் நிற்பான்; புத்தகத்தில் ஓர் அட் பேட் ஏறும், ஹிட் ஏறாது. சராசரியைப் பொறுத்தவரை அவன் அவுட்டானவனுக்குச் சமம். “சார், அது ஹிட்தானே?” என்று பேட்டர் பேஸிலிருந்தே கத்துவான். “எரர் போடுங்கள் அண்ணாச்சி” என்று பிட்சரின் தகப்பனார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லுவார், ஏனென்றால் எரர் என்று எழுதினால் பையன் கணக்கில் ரன் ஏறாது. அமெரிக்காவில் புல் வளர்த்து, மண்ணைச் சலித்து, நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் தெளித்த மைதானத்திலேயே இந்தச் சண்டை ஓயவில்லை. நம் பக்கத்துச் செம்மண் தரையில் ஒரு சீசனுக்கு இரண்டு தீர்ப்பு மாறினால் என்ன ஆகும்? இடதுகைக்காரனின் 12 ஹிட் 10 ஆகும், சராசரி.263-க்கு இறங்கிப் பொறுமைசாலிக்குக் கீழே போய்விடும். முதலாம் இடமும் இரண்டாம் இடமும் என் பென்சில் முனையில் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. சராசரி வாக்கைப் பார்ப்பதே இல்லை. பொறுமைசாலி எட்டு முறை வாக் வாங்கியதும் இரண்டு முறை விலாவில் பந்தை வாங்கியதும் அந்த எண்ணுக்குள் எங்குமே இல்லை. இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு கிரிக்கெட் காரணம் இருக்கிறது. பேஸ்பால் கணக்குகளுக்குத் தந்தை என்று சொல்லத்தக்க ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், கிரிக்கெட் செய்தி எழுதிப் பழகியவர். ஆட்டத்தைக் கட்டம் போட்டுச் சுருக்கி எழுதும் முறைக்கு வடிவம் தந்தவர் அவரே. வாக்கைப் பிட்சர் செய்த தவறாகவே அவர் பார்த்தார். வைடு பந்தில் வரும் ரன்னை உதிரி என்று ஒதுக்கி, பேட்ஸ்மேன் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோமே, அதே நியாயம். 1887-ஆம் ஆண்டு மட்டும் வாக்கை ஹிட்டாகவே எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் தாறுமாறாக வீங்கின. மறு ஆண்டே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆனால் வைடும் வாக்கும் ஒன்றல்ல. வைடு ஒரே பந்தில் முடிந்துவிடும். பேட்ஸ்மேன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாக் வேண்டுமென்றால் நான்கு கெட்ட பந்துகளை அடிக்காமல் விட வேண்டும், அதற்குள் மூன்று ஸ்டிரைக் (அடிக்கத் தகுந்த பந்தை விட்டதோ, மட்டையைச் சுழற்றி ஏமாந்ததோ) ஆகி அவுட்டாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில், பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டின் அகலத்துக்குள் பந்து வருமா வராதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணிக்கத் தெரிய வேண்டும். இது திறமை இல்லாமல் வேறென்ன? முதல் பேஸுக்கு ஹிட்டில் போனாலும் வாக்கில் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஈரடுக்குப் பாலத்தின் மேலே போனால் என்ன, கீழே போனால் என்ன, போய்ச் சேரும் இடம் டவுன்தான். (சிங்கிள் அடித்தால் முன்னால் நிற்கும் ரன்னர் இரண்டு பேஸ் ஓடக்கூடும், வாக்கில் அது நடக்காது என்பது உண்மை. முதல் ஆளுக்கு முன்னால் பெரும்பாலும் ரன்னரே இருக்க மாட்டான் என்பதால் இங்கே அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.)

வாக்கைச் சேர்த்துக்கொள்ளும் எண்தான் ஆன் பேஸ் விகிதம். ஹிட், வாக், உடம்பில் பட்ட பந்து மூன்றையும் கூட்டி, அட் பேட், வாக், உடம்பில் பட்ட பந்து, சாக்ரிஃபைஸ் ஃப்ளை நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சாக்ரிஃபைஸ் பண்ட் இதிலும் சேராது. 1950-களிலேயே பேசப்பட்ட இந்த எண்ணை மேஜர் லீக் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1984-இல்தான்.

போட்டுப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. இடதுகைக்காரனுக்கு 39-இல் 13, .333. பொறுமைசாலிக்கு 40-இல் 18, .450. அடிக்காரனுக்கு 40-இல் 12, .300.

அவுட் கணக்கில் சொன்னால் ஆசிரியர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நாற்பது முறையில் இடதுகைக்காரன் கணக்கில் 27 அவுட், பொறுமைசாலி கணக்கில் 22. ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பது, இன்னிங்ஸுக்கு மூன்று வீதம், மொத்தமே 21 அவுட். ஒருநாள், இருபது ஓவர் கிரிக்கெட்டில் ஓவர் தீர்ந்தால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். பேஸ்பாலில் ஓவர் என்ற ஒன்று கிடையாது. அவுட் தீரும்வரை ஆடிக்கொண்டே இருக்கலாம். அப்படியானால் கையிருப்பில் உள்ள சரக்கு அவுட்தான். அதைச் சிக்கனமாகச் செலவு செய்பவனுக்கு, அதிலும் வரிசையில் முதலில் நின்று மற்றவர்களைவிட ஒரு முறை கூடுதலாக மட்டை பிடிக்கப் போகிறவனுக்கு, முன்னுரிமை தருவதுதானே முறை?

சராசரியும் ஆன் பேஸ் விகிதமும் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு 2004 நல்ல சாட்சி. சியாட்டிலின் இச்சிரோ சுசுகி அந்த ஆண்டு 262 ஹிட் அடித்து, ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் வைத்த 257 என்ற சாதனையை முறியடித்தார். சராசரி .372. அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் பாரி பாண்ட்ஸ் சராசரி .362. பத்துப் புள்ளி குறைவு. சராசரி மட்டும் தெரிந்தவன் இச்சிரோ ஒரு படி மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆனால் பாண்ட்ஸ் 232 வாக் வாங்கினார்; அதில் 120 பிட்சர்கள் வேண்டுமென்றே கொடுத்தவை. இச்சிரோவின் ஆன் பேஸ் விகிதம் .414, பாண்ட்ஸுடையது .609. பாண்ட்ஸின் பெயரோடு ஊக்கமருந்துச் சர்ச்சை ஒட்டிக்கொண்டிருப்பதை நான் மறக்கவில்லை. எண்கள் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதற்கு மட்டும் அவரை எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி உண்டு. அனுபவமுள்ள ஆசிரியர்கள் தவறாமல் கேட்பார்கள். மாவட்ட அளவில் பிட்சர்களுக்குக் கை நிலை இல்லை, பந்தை எங்கு போடுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. சும்மா நின்றாலே வாக் கிடைக்கும். அந்த எட்டு வாக்கும் பொறுமைசாலியின் கண்ணால் வந்ததா, எதிரணிப் பையனின் கையால் வந்ததா? மாநிலப் போட்டிக்குப் போய், ஸ்டிரைக்காக வீசும் பிட்சரைச் சந்தித்தால் இவன் என்ன ஆவான்?

பதில் ஸ்கோர் புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று ஸ்டிரைக்கில் அவுட்டானால் ஆங்கிலக் ‘கே’ எழுத்தைப் போடுவோம். அதுவும் சாட்விக் காலத்து வழக்கம்தான். மட்டையைச் சுழற்றி ஏமாந்தால் நேரான கே. சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் திருப்பிப் போட்ட கே. பொறுமைசாலியின் வரிசையில் திரும்பிய கே அதிகமாக இருந்தால் அவனுடையது பொறுமையல்ல, பயம். வாக் நிறைய, திரும்பிய கே ஒன்றிரண்டு என்றால் கண் நல்ல கண். பிட்சர் மாறினாலும் அந்தக் கண் கூடவே வரும். ஆகவே ஆன் பேஸ் விகிதத்தை எடுக்கும்போது பக்கத்தில் இதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இடதுகைக்காரனுக்கும் ஒரு நியாயம் பேச வேண்டும். அவன் கால் வேகத்தைக் கண்டு ஃபீல்டர்கள் பதறுகிறார்கள். அவசரத்தில் எறிந்து பந்தைத் தவறவிடுகிறார்கள். அப்படி எரரில் பேஸுக்குப் போனது சராசரியிலும் சேராது, ஆன் பேஸ் விகிதத்திலும் சேராது. எங்கள் பக்கத்து ஆட்டங்களில் எரர் மழை பெய்யும் என்பதால் நான் அதற்கென்று தனியாக ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறேன். இடதுகைக்காரன் நான்கு முறை அப்படிப் போனான் என்று வைத்துக்கொண்டால் 39-இல் 17, .436. பொறுமைசாலியின் .450-ஐ அநேகமாகத் தொட்டுவிட்டான். ஆட்டம் மாவட்ட அளவோடு நின்றுவிடும் என்றால் இந்தப் பத்தியைச் சேர்த்துப் பார்ப்பதில் தப்பில்லை. மேலே போகப் போக ஃபீல்டர்கள் பந்தை விடமாட்டார்கள். அந்த நான்கு ஒன்றாகச் சுருங்கும். மாநிலப் போட்டிக்கு அணி எடுக்கும்போது நான் அந்தப் பத்தியை மடித்து வைத்துவிடுவேன்.

அடிக்காரனைப் பற்றி இதுவரை எந்த எண்ணும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கென்று இருப்பது ஸ்லக்கிங் விகிதம். சிங்கிளுக்கு ஒன்று, டபுளுக்கு இரண்டு, டிரிப்பிளுக்கு மூன்று, ஹோம் ரன்னுக்கு நான்கு என்று கூட்டி அட் பேட்டால் வகுக்க வேண்டும். கிரிக்கெட்டில் இதற்குப் பக்கத்து வீடு ஸ்டிரைக் ரேட். அடிக்காரனுக்கு 36-இல் 20 பேஸ், .556. இடதுகைக்காரன் .342, பொறுமைசாலி .333. நான்காவது இடத்தில், பேஸில் ஆள் நிற்கும்போது, இந்த எண்தான் பேச வேண்டும். முதல் இடத்துக்கு இது ஆகாது. யாருமே பேஸில் இல்லாதபோது ஹோம் ரன் அடித்தால் ஒரு ரன்தான்.

இந்த எண்ணுக்கு நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல், காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றை அறியாதவர்கள் இங்கே கிடையாது. பணகுடியிலும் ராதாபுரத்திலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. காற்று முதுகில் இருந்தால் சோப்ளாங்கி அடியும் சுவரைத் தாண்டும். எதிரே இருந்தால் உயிரைக் கொடுத்து அடித்த பந்தும் ஷார்ட் ஸ்டாப்பின் தலைக்கு மேலேயே நின்று இறங்கும். அமெரிக்காவிலும் இதே கதை வேறு காரணத்தால் நடக்கிறது. டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து தூரமாகப் பறக்கும். 1999-இல் அந்த ஊர் அணியின் லாரி வாக்கர் .379 என்ற சராசரியில் முடித்ததை எல்லோரும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்தார்கள். 2002-இல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கத் தொடங்கினார்கள். நமக்கு அறையெல்லாம் வேண்டாம். ஸ்கோர் புத்தகத்தின் தலைப்பில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று ஓர் அம்புக்குறி போட்டால் போதும். நான் போடுகிறேன்.

இரண்டையும் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓ.பி.எஸ். என்ற எண் இருக்கிறது. ஆன் பேஸ் விகிதத்தோடு ஸ்லக்கிங்கைக் கூட்ட வேண்டியதுதான். இடதுகைக்காரன் .675, பொறுமைசாலி .783, அடிக்காரன் .856. தொலைக்காட்சியில் இந்த எண்ணைத்தான் இப்போது சராசரிக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். சுலபம், ஆனால் கொஞ்சம் கோணல். ஆன் பேஸ் விகிதத்தில் ஒரு புள்ளியும் ஸ்லக்கிங்கில் ஒரு புள்ளியும் ரன் விளைவிப்பதில் சமமல்ல. முன்னதற்கு ஏறத்தாழ 1.8 மடங்கு மதிப்பு என்று கணக்கர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப் பெருக்கிக் கூட்டினால் பொறுமைசாலி 1.143, அடிக்காரன் 1.096, இடதுகைக்காரன் .942. வெறும் கூட்டலில் முதலில் நின்ற அடிக்காரன் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டான். ஒவ்வொரு ஹிட்டுக்கும் தனித்தனி எடை போடும் நுட்பமான எண்களும் உண்டு. அந்த எடைகள் மேஜர் லீகின் ஆயிரக்கணக்கான ஆட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படுபவை. நம் பள்ளி ஆட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து பொருத்துவது வீண் வேலை.

எந்த எண்ணை எடுத்தாலும் நாற்பது முறை என்பது சின்னக் குவியல். உண்மையில் முந்நூறு திறமை உள்ள ஒருவனை நாற்பது அட் பேட் ஆட வைத்தால், மூன்றில் இரண்டு தடவை .230-க்கும் .370-க்கும் இடையில் எங்காவது வந்து நிற்பான். மூன்றில் ஒரு தடவை அதற்கும் வெளியே. .316-க்கும் .267-க்கும் உள்ள இடைவெளி அதற்குள் காணாமல் போய்விடும். ஆன் பேஸ் விகிதத்தில் பொறுமைசாலி முன்னே நிற்கும் தூரம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் அதைக் கொஞ்சம் தைரியமாக நம்பலாம். கொஞ்சம்தான்.

குவியலைப் பெரிதாக்கச் சென்ற ஆண்டுக் கணக்கையும் சேர்க்கலாம். சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. 1995-இல் நியூயார்க்கின் டெரெக் ஜீட்டர் 48 அட் பேட்டில் 12 ஹிட், .250, டேவிட் ஜஸ்டிஸ் 411-இல் 104,.253. 1996-இல் ஜீட்டர் 582-இல் 183, .314; ஜஸ்டிஸ் 140-இல் 45, .321. இரண்டு ஆண்டும் ஜஸ்டிஸ்தான் மேலே. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்: ஜீட்டர் 630-இல் 195, .310, ஜஸ்டிஸ் 551-இல் 149,.270. கண்கட்டு வித்தை எதுவும் இல்லை. ஜீட்டரின் மோசமான ஆண்டு மிகச் சிறியது, ஜஸ்டிஸின் மோசமான ஆண்டு மிகப் பெரியது. ஆகவே இரண்டு ஆண்டுச் சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹிட்டை ஹிட்டோடும் அட் பேட்டை அட் பேட்டோடும் கூட்டிக்கொண்டு பிறகு வகுக்க வேண்டும்.

முடிவுக்கு வருகிறேன். முதல் இடம் பொறுமைசாலிக்கு, திரும்பிய கே குறைவாக இருக்கும் பட்சத்தில். அவனுக்கு அடுத்து இடதுகைக்காரனை இறக்குவேன். இடது பக்கம் நின்று அடிப்பவனுக்கு முதல் பேஸ் இரண்டு எட்டு கிட்டம்; பேஸில் நிற்கும் பொறுமைசாலியைக் காவல் காக்க முதல் பேஸ்காரன் ஒட்டி நிற்பதால் அவனுக்குப் பக்கத்தில் ஒரு சந்து திறக்கும். இடதுகைக்காரன் இழுத்து அடிக்கும் பந்து அந்தச் சந்து வழியாகத்தான் போகும். தேவைப்பட்டால் பண்ட் செய்யவும் தெரிந்தவன். அடிக்காரன் நான்காவது.

ஆண்டு விழாவில் ‘சிறந்த பேட்டர்’ கோப்பையை எந்த எண்ணை வைத்துக் கொடுப்பது என்று ஓர் ஆசிரியர் கேட்டார். அதற்குச் சராசரியே போதும் என்று சொன்னேன். அணி எடுப்பது வேறு, பரிசு கொடுப்பது வேறு. பரிசு என்றால் கூட்டத்தில் இருக்கும் பெற்றோர் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்க முடிய வேண்டும், 1.8-ஆல் பெருக்கிய எண்ணை மேடையில் வாசித்தால் வம்புதான். ஆனால் குறைந்தபட்ச வரம்பு ஒன்று வைத்துவிட வேண்டும். மேஜர் லீகில் அணி ஆடிய ஆட்டம் ஒன்றுக்கு 3.1 முறை வீதம் மட்டை பிடித்திருக்க வேண்டும். 162 ஆட்டத்துக்கு 502 முறை. ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு அதைச் சுருக்கினால் 2.4 வரும்; 14 ஆட்டம் ஆடிய அணி என்றால் 34 முறை. இல்லாவிட்டால் கடைசி ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி மூன்றுக்கு மூன்று அடித்தவன் 1.000 சராசரியோடு கோப்பையைக் கேட்டு வந்து நிற்பான். விதிப்படி அவனுக்கு இல்லை என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது.